கை நடுங்குகிறது, வண்டி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். மூன்று மாதத்துக்கு முன் உரிமம் வாங்கி, 150 சிசி பைக் ஒன்று எடுத்தேன். முதல் மாதம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டினேன். ஒரு நாள் மேட்டில் இருக்கும் சிக்னலில் மூன்று முறை எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் யூ-டர்ன் எடுக்கும்போது, வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில், அப்படியே சாய்ந்து விழுந்தேன். அடி எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாவியை எடுத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. சீட்டில் உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையில் படுகிறது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தினால் பதற்றம் இன்னும் கூடுகிறது. ஆறு வாரமாக வண்டி உறை போட்டு நிற்கிறது. பயம் போன பிறகு ஓட்ட வேண்டுமா, ஓட்டினால்தான் பயம் போகுமா? எனக்கெல்லாம் இது வராதோ?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வரும். பதினேழு வருடமாகப் புதியவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கை நடுங்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இன்று நிதானமாக ஓட்டுகிறார்கள். உண்மையில் எனக்குக் கவலை தருபவர்கள், பயமே இல்லாமல் முதல் நாளே முறுக்கிப் பார்க்கிறவர்கள்தான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் 'பயம்' என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பது என் கண்ணுக்கு நான்கு தனித்தனி விஷயங்களாகத் தெரிகிறது. மேட்டில் வண்டியை நகர்த்தத் தெரியவில்லை. மெதுவான வேகத்தில் திருப்பத் தெரியவில்லை. கால் சரியாகத் தரையில் எட்டவில்லை. பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த நான்குமே கற்றுக்கொள்ளக்கூடியவை, சரிசெய்யக்கூடியவை. இவற்றை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் 'எனக்கு வராது' என்று தோன்றும். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பயத்தோடு சாலையில் இறங்கவும் வேண்டாம். பயம் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்துக்கான வேலையை மட்டும் தனியாக எடுத்து, வண்டிகள் வராத ஒரு காலி மைதானத்தில் பழகுங்கள்.

முதலில் வண்டியை உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். இரண்டு காலிலும் முன்பாதமாவது நன்றாக ஊன்ற வேண்டும். கால் நுனியில் நிற்கும் ஒருவரை யாராவது லேசாகத் தள்ளினால்கூடத் தடுமாறுவார். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் உடம்பு அந்த நிலையில்தான் இருக்கிறது. சீட்டின் உள்ளே இருக்கும் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கிக் குறைக்கலாம், குறிப்பாகத் தொடை உரசும் முன்பகுதியை. அடிப்பாகம் கெட்டியான, கணுக்காலை மூடும் ஷூ போட்டாலே கொஞ்சம் உயரம் கிடைக்கும். அப்புறம் கிளட்ச் லிவரைப் பாருங்கள். சிறிய கை உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் தூரமாகவே இருக்கும். விரல் நுனியால் எட்டி இழுக்க வேண்டியிருந்தால் மெதுவாக விடுவது சாத்தியமே இல்லை, படக்கென்றுதான் விடுபடும். லிவரின் கோணத்தையும் கேபிளின் தளர்வையும் சரிசெய்வது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. உங்கள் எஞ்சின் மூன்று முறை ஆஃப் ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இனி கிளட்ச். புதியவர்களின் பதற்றத்தில் பாதிக்கு மேல் இந்த இடது கையில்தான் இருக்கிறது.

மைதானத்தில் சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதல் கியர். இரண்டு காலும் தரையில். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். கிளட்சை ஒரு நூல் ஒரு நூலாக விடுங்கள். முதலில் எதுவும் நடக்காது. திடீரென்று எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழும், ஒரு சுமையைத் தூக்கப்போகும் ஆள் மூச்சை இழுத்துப் பிடிப்பது போல. வண்டி முன்னால் போக எத்தனிப்பதைத் தொடையில் உணர்வீர்கள். அங்கேயே விரலை நிறுத்துங்கள். அதுதான் ஹாஃப் கிளட்ச். ஓர் அடி நகரட்டும், திரும்ப இழுங்கள். மறுபடி விடுங்கள், மறுபடி இழுங்கள். இதை ஐம்பது முறை செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் நிறுத்தினால் கையும் ஓயும், கிளட்ச் தட்டும் சூடாகாது. ஐம்பதாவது முறை அந்த இடம் எங்கே என்று யோசிக்கவே மாட்டீர்கள், விரலே போய் நிற்கும். சாலையில் பதற்றம் வரும்போது மூளை கைவிட்டாலும் விரல் கைவிடாமல் இருக்க, இந்த அலுப்பான வேலைதான் வழி. வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

இது கைக்கு வந்த பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சிறிய மேட்டுக்குப் போங்கள். மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது வலது காலில் இருக்கும் பின் பிரேக். இடது கால் தரையில். பிரேக்கை விடாமலே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, கிளட்சை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் சத்தம் தாழ்ந்து, வண்டி பிரேக்கோடு மல்லுக்கட்டுவது தெரியும். அப்போது பிரேக்கை விட்டால், வண்டி பின்னால் உருளாது, முன்னால்தான் போகும். நீங்கள் சிக்னலில் செய்தது அநேகமாக இதற்கு நேர்மாறாக இருந்திருக்கும்: வண்டி உருளுமோ என்ற பயத்தில் கிளட்சை அவசரமாக விட்டிருப்பீர்கள், ஆக்சிலேட்டர் போதாமல் எஞ்சின் நின்றிருக்கும். மேட்டில் சமதளத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆக்சிலேட்டர் கேட்கும். சத்தம் கூடுகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

யூ-டர்னில் விழுந்ததைப் பற்றி. 'கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வலது கை முன் பிரேக்கைப் பிடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வருபவர்கள் விழும் விதங்களில் இதுதான் முதலிடம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கிறது, வேகம் நடக்கிற அளவுதான், பயத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கிறார்கள், வண்டி திரும்பிய பக்கமே மடிந்து விழுகிறது. விழுவதைப் பிடித்து நிறுத்தவே முடியாது, 140 கிலோ எடை எந்தக் காலுக்கும் அதிகம்தான். அதனால் மெதுவான திருப்பங்களில் முன் பிரேக் லிவரில் விரலே வைக்காதீர்கள். வேகத்தைப் பின் பிரேக்கால் லேசாக அடக்கி, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, ஹாஃப் கிளட்சால் வண்டியை நகர்த்துங்கள். வண்டி சாய்வது போலத் தோன்றினால் பிரேக் போடத்தான் மனம் சொல்லும். செய்ய வேண்டியது கிளட்சை ஒரு மயிரிழை கூடுதலாக விடுவது. சக்கரத்துக்குக் கொஞ்சம் இழுவை கிடைத்ததும் வண்டி நிமிர்ந்துகொள்ளும்.

அதைவிட முக்கியம், பார்வை. முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேதான் விழுவீர்கள். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். குழியைப் பார்த்துக்கொண்டே குழிக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். யூ-டர்ன் எடுக்கும்போது தலையைத் தோளுக்கு மேல் திருப்பி, நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். கழுத்து இழுக்க வேண்டும், அந்த அளவுக்கு. என்னிடம் கற்க வந்த 52 வயதுப் பெண்மணி ஒருவர் மூன்று வாரம் வலது பக்கம் திரும்ப முடியாமல் தவித்தார். இடது பக்கம் நன்றாக வரும், வலது பக்கம் மட்டும் தடுமாறுவார். கவனித்துப் பார்த்தபோது, வலது பக்கம் திரும்பும்போது தலை திரும்பியது, கண் மட்டும் தரையிலேயே இருந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்த கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, 'துணி கண்ணில் பட்டதும் உரக்கச் சொல்லுங்கள்' என்றேன். அன்று மாலையே திரும்பினார். அவருக்கு இருந்த குறை அவ்வளவுதான்.

வேகம் கொஞ்சம் கூடியதும் ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், இடது பக்கம் போக வேண்டுமென்றால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். ஹேண்டில் ஒரு கணம் வலது பக்கம் போகும், வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். கேட்டால் தலைகீழாக இருக்கும். சைக்கிளிலும் நீங்கள் இதைத்தான் தெரியாமலே செய்துவந்திருக்கிறீர்கள். சைக்கிள் கடை நடத்திய, பின்னாளில் விமானம் செய்த ரைட் சகோதரர்களில் வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டத் தெரிந்த பலரிடம் 'எப்படித் திருப்புகிறீர்கள்' என்று கேட்டுப் பார்த்தாராம். ஒருவருக்கும் முழுதாகச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லோருக்கும் கை செய்தது, வாய் சொல்லவில்லை. இதை அறிந்து பழகுவதில் ஒரு பெரிய பயன் உண்டு: வளைவில் அகலமாகப் போகிறோம் என்று பதறும்போது, உடம்பை இறுக்குவதற்குப் பதில் உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்ற தெளிவு இருக்கும்.

உடம்பை இறுக்குவது என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயம் முதலில் வந்து உட்காருவது தோளிலும் தாடையிலும்தான். முழங்கை நிமிர்ந்து கட்டை போல் ஆகிவிடும். ஓடும் வண்டியின் முன்சக்கரம் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களைத் தானே சமாளித்து நேராக வரும். இறுகிய கை அதைச் செய்யவிடாது. வண்டி ஆடுகிறதே என்று இன்னும் இறுக்குவோம், இன்னும் ஆடும். வண்டியைப் பிடிக்க வேண்டியது முழங்காலால், டேங்கின் இரண்டு பக்கமும். கைப்பிடியைப் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்கிற அளவுக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஓட்டிக்கொண்டே முழங்கைகளைக் கோழி இறக்கை போல இரண்டு முறை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்ட முடிந்தால் கை தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். வலது மணிக்கட்டு கைப்பிடியைவிட உயரமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். உயரமாக இருந்தால் வண்டி சட்டென்று முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் போகும், மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலேட்டர் தானாகவே முறுக்கிக்கொள்ளும். மணிக்கட்டு முதலிலேயே தாழ்ந்திருந்தால் அது நடக்க இடமிருக்காது.

மூச்சுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹெல்மெட்டுக்குள் பேசுங்கள். 'முன்னால் ஆட்டோ, பிரேக் விளக்கு எரிகிறது, இடது பக்கம் சந்து, ஒரு பையன் பந்தோடு நிற்கிறான்' என்று கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் இது வெகுகாலமாக இருக்கும் பழக்கம், அவர்கள் கவனத்தைக் கூர்மையாக்கச் செய்கிறார்கள். புதியவர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. பேசிக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொள்ள முடியாது, பல்லைக் கடித்துக்கொள்ளவும் முடியாது.

பிரேக்கைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். விழுந்த பிறகு பலர் முன் பிரேக்கையே தொடுவதில்லை, அது ஆபத்து. மெதுவான திருப்பத்தில் அது வேண்டாம், நேரான ஓட்டத்தில் அதுதான் வேண்டும். பிரேக் போட்டதும் எடை முன்னால் போய்விடுவதால் வண்டியை நிறுத்தும் சக்தியின் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-ல் வெளியான அந்த அறிக்கை சொன்னது: விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல் தாங்களாகவோ உறவினர், நண்பர்களிடமோ கற்றவர்கள். ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை அதிகமாக மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவு. பழைய அறிக்கைதான், ஆனால் மனிதக் கையும் காலும் இன்றும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. அந்த 2 வினாடியில் யோசித்துச் செய்ய நேரமில்லை, பழகியதுதான் வரும்.

அதனால் மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள். ஒரு கோட்டைக் கடந்ததும் இரண்டு பிரேக்கும். முன் பிரேக்கைப் படக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. நேராக, சாயாமல். நன்றாக வந்த பிறகு 30, பிறகு 40. 20-ல் பிரேக் பிடித்த பிறகு நிற்க 2.5 மீட்டர் ஆனால், 40-ல் அது 5 மீட்டர் ஆகாது, 10 மீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. அதற்கும் முன், ஆபத்தைக் கண்டு கை லிவருக்குப் போகும் அந்த ஒரு வினாடியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் 11 மீட்டர் போய்விடுவோம். மைதானத்தில் கோட்டிலிருந்து நீங்கள் நின்ற இடம் வரை காலால் அளந்து பாருங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே தெரியும். பொதுவாக 2 வினாடி இடைவெளி என்பார்கள், இப்போதைக்கு நீங்கள் 3 வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் இதையும் கற்றுக்கொள்ளுங்கள். விழுவதைப் பற்றிய பயத்தில் பெரும்பங்கு, நடுரோட்டில் வண்டியைத் தூக்க முடியாமல் எல்லோரும் பார்க்க நிற்போமே என்பதுதான். முதலில் எஞ்சினை அணையுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிட்டு, உருளாமல் இருக்க கியரில் விடுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டின் ஓரத்தில் பிட்டத்தை அழுத்தி, ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடியுங்கள். இனி கையால் தூக்காதீர்கள். காலால் சிறு அடிகளாகப் பின்னோக்கி நடங்கள், வண்டி தானே எழும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பழைய பாய் ஒன்றை விரித்து அதன்மேல் வண்டியை மெதுவாகச் சாய்த்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உங்கள் முகம் மாறுவதைப் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார்.

ஹாரனுக்கு வருகிறேன். அந்த லாரிக்காரருக்கு நீங்கள் எதுவும் கடன்படவில்லை. எஞ்சின் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: பிரேக், கிளட்ச், முதல் கியரில் இருக்கிறதா என்று ஒரு பார்வை, ஸ்டார்ட். அவசரமே இல்லாதது போல, ஒவ்வொன்றாக. மறுபடி நின்றால் இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிடுங்கள். அடுத்த பச்சைக்குப் போகலாம். ஓரமாக நிற்பதில் அவமானம் எதுவும் இல்லை. சாலையில் நிதானம் தெரிந்தவர்கள் அடிக்கடி செய்வதுதான்.

சாலைக்குத் திரும்பும்போது முதலில் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள், விடியற்காலையில். அதே வழியை ஏழெட்டு நாள் ஓட்டுங்கள். எந்தத் திருப்பத்தில் மண் கிடக்கும், எந்தச் சந்திலிருந்து வண்டி வரும் என்று மனப்பாடமான பிறகு நேரத்தை மாற்றுங்கள், வழியை மாற்ற வேண்டாம். அதற்கும் பிறகுதான் புது வழி. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று நீட்டாமல், நன்றாக இருக்கும்போதே வீடு திரும்புங்கள். களைத்த பிறகு நடக்கும் தவறைத்தான் மனம் மறுநாள் வரை ஞாபகம் வைத்திருக்கும். மழை, இரவு, பின்னால் ஆள், நண்பர்களோடு கூட்டமாகப் போவது, இவை நான்கும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளிலும் சாவியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். மைதானத்தில் இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகும் வண்டியைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, விழுந்த காட்சி தூக்கத்திலும் வருகிறது என்றால், அது ஓட்டும் திறமை சம்பந்தப்பட்டது அல்ல. மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், அவர்களால் நிச்சயம் உதவ முடியும். ஓட்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை வியர்ப்பது மட்டும்தான் தெரிகிறது. அதற்குப் பருத்தி உள்துணி வைத்த கையுறை போடுங்கள். பிடி வழுக்காது, விழுந்தாலும் முதலில் தரையில் படும் தோலைக் காக்கும்.

கடைசியாக, அண்ணன். அவர் அக்கறையில்தான் கத்துகிறார், சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் அவர் உட்கார்ந்தால் வண்டியின் எடையே மாறிவிடுகிறது, கற்றுக்கொள்ளும் நேரத்தில் அது தேவையில்லாத சுமை. இந்தப் பதிலை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையோடு மைதானத்துக்குப் போங்கள். வண்டியில் ஏற வேண்டாம். ஒரு சிவப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் நில்லுங்கள். அவர் திரும்பும்போது கண் துணிக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கிளட்சை அவர் பார்த்துக்கொள்வார்.